இரண்டின் அறுபத்து நான்காம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்: அமைப்பும் பண்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

சதுரங்கப் பலகையின் கட்டங்களில் தானிய மணிகளை இரட்டித்து வைக்கும் கதையால் அறியப்பட்ட 2⁶⁴−1 என்னும் எண், அதன் பருமைக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. அவ்வெண்ணின் உள்ளமைப்பை விளக்குவதும், அதன் காரணிகளுள் ஒன்று ஃபெர்மாவின் கருதுகோளை வீழ்த்திய வரலாற்றைக் காட்டுவதும், மேருப் பிரத்தாரத்தில் அதன் வகுத்திகளுள் சரிபாதி மட்டும் இடம்பெறுவதற்குரிய காரணத்தை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: பேரெண், பகா எண், ஃபெர்மா எண், மேருப் பிரத்தாரம், அசை, சீர்.

முன்னுரை

முதற்கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என 64 கட்டங்களையும் நிரப்பினால் கிடைக்கும் மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும். இதனைத் தமிழில் இன்றைய வழக்குப்படி வாசிக்க முயன்றால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95 லட்சத்து 51 ஆயிரத்து 615 என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கோடிக்கு மேற்பட்ட இடங்களுக்குத் தனிப்பெயர் வழக்கொழிந்தமையால் ‘கோடி’ என்னும் சொல்லே இருமுறை அடுக்கி வருகிறது. பழந்தமிழில் நிலைமை இவ்வாறு இல்லை. ஐ, அம், பல் என்று முடியும் பேரெண் பெயர்களுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் புணர்ச்சி விதி கூறுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளாகத் தருகின்றனர். பரிபாடலின் இரண்டாம் பாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்பவற்றை ஊழிக்கால அளவுகளாக அடுக்கிச் செல்கிறது. புணர்ச்சி விதி வகுக்கும் அளவிற்கு இப்பெயர்கள் பயின்று வந்தன என்பது நோக்கத்தக்கது. எனினும் இவற்றின் மதிப்புகள் நூலுக்கு நூல் வேறுபடுவதால், மேற்கண்ட எண்ணை இவற்றுள் ஒன்றைக் கொண்டு துல்லியமாகச் சுட்டுதல் இயலாது.

பருமையை உணர்த்த ஒரு கணக்கு போதும். ஓர் அரிசி மணியின் எடை 25 மில்லிகிராம் எனக் கொண்டால், மொத்த எடை ஏறத்தாழ 46,117 கோடி டன் ஆகும். உலகின் இன்றைய ஓராண்டு அரிசி விளைச்சல் 50 கோடி டன்னைச் சற்றே கடந்தது. அரசன் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 900 ஆண்டு விளைச்சல். கதை சொல்வோர் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். எண்ணின் இயல்பு பற்றிய வினா இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

கதைகளும் கணக்கும்

கி.பி. 1000 அளவில் அல்பிரூனி தம் காலக்கணிப்பு நூலில் இவ்வெண்ணைக் கணித்துத் தந்துள்ளார். 64 முறை இரட்டித்து ஒவ்வொன்றாகக் கூட்டுதல் தேவையில்லை என்பதற்கு இரண்டு எளிய உண்மைகள் காரணமாகின்றன. முதலாவது, எந்தக் கட்டத்திலும் உள்ள மணிகள், அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்திலும் உள்ளவற்றின் கூட்டுத்தொகையைவிட ஒன்று மிகுதி. 1+2+4 என்பது 7. அடுத்த கட்டத்தில் 8. ஆகவே 65ஆம் கட்டம் ஒன்று இருந்தால் அதில் வைக்கவேண்டிய 2⁶⁴ மணிகளில் ஒன்றைக் குறைத்தாலே விடை கிடைத்துவிடும். இரண்டாவது, 2⁶⁴ என்பதை அடையத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தினால் போதும். 16இன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 4,29,49,67,296. அதன் வர்க்கம் 2⁶⁴. நான்கே பெருக்கல்கள். 16இன் அடுக்குகள் அனைத்தும் 6 என்னும் இலக்கத்தில் முடிவதால், நம் எண் 5இல் முடிவதும் இதனால் விளங்குகிறது.

இவ்வெண்ணோடு இணைத்துச் சொல்லப்படும் மற்றொரு கதை காசியில் நிகழ்வது. மூன்று கம்பங்கள், 64 பொன்வட்டுகள், அவற்றை இடம் மாற்றும் அந்தணர்கள், பணி முடியும் நாளில் உலகின் முடிவு. வட்டுகளை மாற்றத் தேவைப்படும் குறைந்த அளவு நகர்வுகள் 2⁶⁴−1; நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இது தொன்மையான இந்தியக் கதை என்று கருதுவது பொருந்தாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1883இல் ஒரு விளையாட்டுப் பொருளாக இப்புதிரை வெளியிட்டார். ‘சீயத்தின் கிளவுஸ்’ என்று அவர் சூடிக்கொண்ட புனைபெயரும் அவருடைய பெயரெழுத்துகளை மாற்றி அமைத்ததே. காசிக் கதை அப்புதிரோடு பிரான்சில் பரவியது. லூக்காவின் பெயர் இவ்வெண்ணின் வரலாற்றில் வேறோர் இடத்திலும் வருகிறது. அது பின்னர் விளக்கப்படும்.

காரணிகள்

ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் குறைத்தால் வருவது, அவ்வெண்ணோடு ஒன்றைக் கூட்டியதையும் குறைத்ததையும் பெருக்கி வருவதற்குச் சமம். 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கமாதலின், 2⁶⁴−1 என்பது 2³²+1, 2³²−1 ஆகிய இரண்டின் பெருக்கம். பின்னதையும் இவ்வாறே பிரிக்கலாம். அதன் பின்னதையும் பிரிக்கலாம். இறுதியில்,

2⁶⁴−1 = 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297

என்று அமைகிறது. இவ்வாறும் எண்கள் 2இன் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியவை; அவ்வடுக்குகளும் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்பவை. இவையே ஃபெர்மா எண்கள். 3 என்பதைச் சுழியாம் ஃபெர்மா எண் என்றும், இறுதியில் நிற்பதை ஐந்தாம் ஃபெர்மா எண் என்றும் வழங்குவர்.

1640இல் எழுதிய கடிதத்தில் பியேர் ஃபெர்மா, இவ்வகை எண்கள் அனைத்தும் பகா எண்களே என்னும் தம் நம்பிக்கையைத் தெரிவித்தார். அதற்கு நிறைவான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்பது உறுதி. ஐந்து சான்றுகள் தொடர்ச்சியாக, விதிவிலக்கின்றி, ஒரே வாய்பாட்டின் கீழ் அமைந்தமையே அந்நம்பிக்கைக்கு அடிப்படை. நான்கைந்து கல்வெட்டு வடிவங்களைக் கொண்டு ஓர் ஒலிமாற்ற விதியை நிறுவும் மொழியாய்வாளர் எவரும் ஃபெர்மாவைக் குறைகூற முன்வரமாட்டார். ஆயினும் ஆறாவது சான்று பொய்த்தது. 1732இல் லெயோனார்டு ஆய்லர்,

4,29,49,67,297 = 641 × 67,00,417

என்று காட்டினார்.

641இன் தேர்வு

ஆய்லர் கண்மூடித்தனமாக வகுத்துப் பார்த்து இதனைக் கண்டார் என எண்ணுதல் தவறு. ஒரு பகா எண் 2³²+1ஐ மீதியின்றி வகுக்குமாயின், அப்பகா எண்ணால் வகுக்கும்போது 2³²இன் மீதி −1 ஆகும்; 2⁶⁴இன் மீதி 1 ஆகும். 2இன் அடுக்குகளுள் மீதி 1 ஆகும் முதல் அடுக்கு 64ஐ வகுக்க வேண்டும். 32ஆம் அடுக்கிலேயே மீதி 1 ஆகாமையால் அம்முதல் அடுக்கு 64ஏ ஆகும். பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்கில் மீதி எப்போதும் 1 என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். ஆகவே அப்பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வருவது 64இன் மடங்காதல் வேண்டும்.

இதனால் தேட வேண்டிய பரப்பு மிகச் சுருங்குகிறது. 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியில் விடை. இங்கு ஒரு முரண் உண்டு. சிறு தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640ஆம் ஆண்டிலேயே கடிதம் ஒன்றில் அறிவித்திருந்தார். தம் கருதுகோளை வீழ்த்தும் கருவி அவர் கையிலேயே இருந்தது. ஐந்து வகுத்தல்களே எஞ்சியிருந்தன.

1878இல் லூக்கா இந்நிபந்தனையை மேலும் இறுக்கினார். 64 அன்று, 128இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய பகா எண்களை மட்டும் நோக்கினால் போதும் என்று காட்டினார். அப்போது எஞ்சுவன 257, 641 என்னும் இரண்டே. இவற்றுள் 257 தானே ஒரு ஃபெர்மா எண்ணாதலின், கீழே கூறப்படும் காரணத்தால் அதனை நோக்கவே வேண்டியதில்லை. காசிக் கதையின் மூலப் புதிரை ஆக்கியவரின் விதிப்படி, 641 முதல் முயற்சியிலேயே அகப்படுகிறது. மற்றைக் காரணியான 67,00,417 பகா எண்ணே என்பதையும் இதே வழியில் உறுதிப்படுத்தலாம். அதன் வர்க்கமூலம் 2,589ஐ எட்டாது. அவ்வெல்லைக்குள் நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 ஆகிய ஐந்தே. இவற்றுள் எதுவும் அதனை வகுப்பதில்லை.

641 வகுப்பதை நெடுங்கணக்கின்றி நிறுவும் வழியும் உண்டு. 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1க்கு ஒத்தது. நான்காம் அடுக்கிற்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்கு ஒத்தது. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ என்பது −2⁴க்கு ஒத்தது. அதனை முன்னதில் இட்டால் −2³² என்பது 1க்கு ஒத்ததாகிறது. அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது. ஒரே எண்ணின் இரு வடிவங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இந்நிறுவல், அதன் சுருக்கத்தால் கணித நூல்களில் விரும்பி எடுத்தாளப்படுகிறது.

பொதுக்காரணி இன்மை

2⁶⁴−1 என்பது சுழியாம் ஃபெர்மா எண் முதல் ஐந்தாம் ஃபெர்மா எண் வரையிலானவற்றின் பெருக்கம் எனக் கண்டோம். ஆறாம் ஃபெர்மா எண் 2⁶⁴+1. எனவே முந்தைய ஃபெர்மா எண்களின் பெருக்கத்தோடு 2ஐக் கூட்டினால் அடுத்த ஃபெர்மா எண் கிடைக்கிறது. இவ்வுறவு எல்லாப் படிகளிலும் உண்மையாகும். ஒரு ஃபெர்மா எண்ணுக்கும் அதற்கு முந்தைய ஒன்றுக்கும் பொதுக்காரணி இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். ஃபெர்மா எண்கள் அனைத்தும் ஒற்றை எண்களாதலின் அது இயலாது. கோல்ட்பாக் 1730இல் ஆய்லருக்கு எழுதிய இந்நிறுவலிலிருந்து, பகா எண்களுக்கு முடிவில்லை என்பதும் உடன் பெறப்படுகிறது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் பிறவற்றில் இல்லாத ஒரு பகாக் காரணியையேனும் கொண்டிருக்க வேண்டுமன்றோ!

ஆகவே நம் எண்ணின் பகாக் காரணிகள் 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417 என ஏழு. எதுவும் இருமுறை வருவதில்லை. ஒவ்வொன்றையும் கொள்ளுதல், விடுதல் என இருவகைத் தேர்வு இருப்பதால் வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷, அதாவது 128. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. அது 3ஆல் வகுபட்டு 9ஆல் வகுபடாமை 3 ஒருமுறையே வருவதற்கு எளிய சோதனையாகும்.

பலகோணங்களோடு உள்ள தொடர்பைச் சுருக்கமாகக் கூறலாம். 1796இல், 18 வயது நிரம்பிய கவுஸ், 17 பக்கங்கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை நேர்கோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டார். பக்க எண்ணிக்கை ஒற்றை எண்ணாயின், அது வெவ்வேறு ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் மட்டுமே அவ்வாறு வரைய இயலும். ‘மட்டுமே’ என்னும் பகுதியை 1837இல் வான்ட்செல் நிறுவினார். அறியப்பட்ட ஐந்து ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கம் 2³²−1. அதன் வகுத்திகள் 32. அவற்றுள் 1ஐ நீக்கினால் எஞ்சும் 31 எண்களே, அறியப்பட்டவரையில், வரையத்தக்க ஒற்றைப் பக்கப் பலகோணங்களின் எண்ணிக்கைகள்.

2³²−1க்குக் கீழ்ப்பட்டு அதனோடு பொதுக்காரணி இல்லாத எண்களைக் கணக்கிட்டால் 2 × 4 × 16 × 256 × 65,536, அதாவது 2³¹ என்று 2இன் தூய அடுக்காக அமைகிறது. ஐந்தாம் ஃபெர்மா எண்ணும் பகா எண்ணாக இருந்திருப்பின், 2⁶⁴−1க்கு அவ்வெண்ணிக்கை 2⁶³ ஆகியிருக்கும். உண்மையில் அது 2³¹ × 640 × 67,00,416. பின்னிரண்டின் பெருக்கம் 4,28,82,66,240; 2³²ஐ விடச் சற்றே குறைவு. ஒழுங்கு முறிந்த இடத்தை இவ்வேறுபாடு அளந்து காட்டுகிறது.

மேருவும் யாப்பும்

இரட்டிப்பு யாப்பிலக்கணம் அறிந்தவர்க்குப் புதிதன்று. நேர், நிரை என்னும் இரண்டே அசைகளால் சீர்கள் அமைவதால் ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என்று பெருகுகின்றன, மொத்தம் 30. சதுரங்கப் பலகையின் கூட்டல் விதியே இங்கும் செயற்படுகிறது. அசையே இல்லாத ‘சீர்’ ஒன்றையும் எண்ணினால் மொத்தம் 31, அதாவது 2⁵−1 ஆகும். அத்தகைய சீர் இல்லையாதலின் 30. யாப்பருங்கலக்காரிகை ஆசிரியர் இதனை அடுக்குக் கணக்காகக் கருதினார் என்று சொல்ல இடமில்லை. வாய்பாடுகளை முழுமையாக வகைப்படுத்தியபோது இரட்டிப்பு தானே அமைந்தது என்பதே பொருத்தம். 16 நாலசைச்சீர்களுள் எவையேனும் 16ஐ ஒரே வரிசையில் வைத்தால், தளையையும் ஓசையையும் கருதாத வெறும் எண்ணிக்கையளவில், கிடைக்கும் அமைப்புகள் 16¹⁶, அதாவது 2⁶⁴. சதுரங்கத் தொகையை விட ஒன்றே மிகுதி.

சீர்களை நிரையசையின் எண்ணிக்கையால் பகுத்தால் மேருப் பிரத்தாரம் தோன்றுகிறது. மூவசைச்சீருள் நிரை இல்லாதது 1, ஒரு நிரை உடையன 3, இரு நிரை உடையன 3, மூன்றும் நிரையாவது 1. நாலசைச்சீருக்கு 1, 4, 6, 4, 1. வடமொழி யாப்பில் குரு, இலகு ஆகியவற்றுக்கு இதே அடுக்கினைப் பிங்கலரின் சந்த நூலுக்கு உரை கண்ட ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டில் விளக்கினார்.

இம்மேருவில் ஒற்றை எண் உள்ள இடத்தில் 1 என்றும், இரட்டை எண் உள்ள இடத்தில் 0 என்றும் எழுதி, ஒவ்வொரு வரிசையையும் இரும எண்ணாக வாசித்தல் வேண்டும். உச்சியைச் சுழியாம் வரிசையாகக் கொண்டால், வரும் எண்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257. எடுத்துக்காட்டாக ஐந்தாம் வரிசை 1, 5, 10, 10, 5, 1. அது 110011 ஆகி 51ஐத் தருகிறது. முதல் 32 வரிசைகளும் 2³²−1இன் 32 வகுத்திகளையும் ஒன்றுவிடாமல், ஏறுவரிசையில் தருகின்றன. ஒரு வரிசையின் எண்ணை 1, 2, 4, 8 முதலியவற்றின் கூட்டுத்தொகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஃபெர்மா எண்ணை எடுத்துப் பெருக்கினால் அவ்வரிசையின் மதிப்பு கிடைப்பதே இதற்குக் காரணம். 5 என்பது 4+1; ஆகவே 17 × 3 = 51.

63ஆம் வரிசையில் உள்ள 64 எண்களும் ஒற்றை எண்களே. வர்க்கப்படுத்தும்போது குறுக்குப் பெருக்கங்கள் இரட்டித்து வருவதால், 2, 4, 8 முதலிய அடுக்கு வரிசைகளில் இரு முனைகளைத் தவிர அனைத்தும் இரட்டை எண்கள். 64ஆம் வரிசையும் அத்தகையது. மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை இரட்டை எண்ணாயின் அவ்விரண்டும் ஒற்றையாகவோ இரட்டையாகவோ ஒத்திருத்தல் வேண்டும். 63ஆம் வரிசை 1இல் தொடங்குகிறது. ஆதலால் முழுவதும் ஒற்றை. அதனை வாசித்தால் 64 ஒன்றுகள் நிரந்த இரும எண், அதாவது 2⁶⁴−1, கிடைக்கிறது. 64 இருமங்களில் எழுதத்தக்க மிகப் பெரிய எண் இதுவாதலின், இன்றைய கணிப்பொறிகளின் எண்ணெல்லையாகவும் இது அமைந்துள்ளது.

சுழி முதல் 63 வரையிலான 64 வரிசைகளும் நம் எண்ணின் வகுத்திகளைத் தருகின்றன. ஆனால் வகுத்திகள் 128 எனக் கண்டோம். எஞ்சிய 64 எங்கே? 32ஆம் வரிசை 4,29,49,67,297ஐத் தருகிறது. 641ஐயோ 67,00,417ஐயோ தனியே தருவதில்லை. மேரு ஐந்தாம் ஃபெர்மா எண்ணைப் பிளவுபடாத ஒன்றாகவே கொண்டு செல்கிறது. அவ்விரு காரணிகளுள் ஒன்றை மட்டும் உடைய வகுத்திகள் 32 × 2, அதாவது 64. அவையே மேருவில் இடம்பெறாதவை. ஃபெர்மாவின் கருதுகோள் எண்ணைப் பார்த்த பார்வையும் மேரு அதனைப் பார்க்கும் பார்வையும் ஒன்றே என்பது இதனால் புலனாகிறது; 1732இல் ஆய்லர் கண்ட பிளவு இரண்டிற்கும் அப்பாற்பட்டது.

அடுத்த எண்

2⁶⁴−1ஐ அதன் வாய்பாடே பிளந்து தருகிறது. அதைவிட இரண்டு மிகுந்த 2⁶⁴+1க்கு அத்தகைய வழி இல்லை. லாந்திரி என்பவர் 1880இல், தம் 82ஆம் வயதில், அதன் காரணிகளைக் கண்டார்: 2,74,177 × 6,72,80,42,13,10,721. ஐந்தாம் ஃபெர்மா எண் முதல் 32ஆம் ஃபெர்மா எண் வரை அனைத்தும் பகு எண்களே என்று இன்று நிறுவப்பட்டுள்ளது. அவற்றுள் 20ஆவதும் 24ஆவதும் பகு எண்கள் என்பது உறுதியாயினும், அவற்றின் ஒரு காரணியும் இதுவரை கண்டறியப்படவில்லை. 33ஆம் ஃபெர்மா எண் பகா எண்ணா பகு எண்ணா என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.